பதுங்கித் தாக்கவும் விதி வேண்டும்

நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் விளையாட்டுகளுள் புகழ்பெற்றது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. இது 1974இல் வெளிவந்தது. இதில் எதிரியைப் பதுங்கியிருந்து தாக்கலாம்.

2014ஆம் ஆண்டு விதிப்படி, திடீர்த் தாக்குதலுக்கு ஆளானவர் தம் முதல் முறையில் நகரவோ தாக்கவோ இயலாது. இது 2024இல் தளர்த்தப்பட்டது. யார் முந்துவது என்பதை முடிவுசெய்யும் 20 முகப் பகடையை அவர் இருமுறை உருட்டி, சிறிய எண்ணை ஏற்றால் போதும்.

சில குழுக்கள் இவற்றை விடுத்துத் தமக்கெனத் தனி விதிகளை வகுத்துக்கொள்கின்றன. அது தவறன்று. ஆனால், ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றினால் மனக்கசப்பே மிஞ்சும். அரக்கர்கள் செயலிழந்து நிற்கும்போது கைதட்டும் ஆட்டக்காரர், தமக்கும் அதே நிலை வரும்போது “இது நியாயமா?” என்று கேட்பார். எனவே, தனி விதியை ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும். அது இரு தரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே பேசினால் சுவை குன்றும் என்பர் சிலர். குன்றாது. எதிர்பாராமல் வரவேண்டியது தாக்குதல்தான், விதி அன்று.