நான்கு பேர் துறையில் ஏழாவது இடம் எங்கே?

கணிதத்துக்குச் சாதி கிடையாது என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். ஒரு நிரூபணம் சரியா தவறா என்பதை எழுதியவரின் சாதி தீர்மானிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிரூபணத்தை எழுத ஒரு மேசையும், நூலகமும், மாதச் சம்பளமும் யாருக்குக் கிடைக்கும் என்பதைப் பணியிடப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலைப் போடும்போது கணிதத் துறையைத் தனி அலகாக எண்ணுவதா, பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக எண்ணுவதா? கேட்பதற்கு வெறும் நிர்வாகச் சிக்கல் போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

நான் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முப்பது வயதைத் தாண்டியாயிற்று. உதவித்தொகை முடியும் நாளையும் உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வரும் நாளையும் எண்ணிக்கொண்டிருக்கும் தலைமுறை நாங்கள். முதுகலை தொடங்கி இன்றுவரை எனக்குக் கணிதம் கற்பித்தவர்களில் பழங்குடி ஆசிரியர் ஒருவர்கூட இல்லை. இது தற்செயலாக நடந்ததா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டைக் கணக்கிடப் பல்கலைக்கழகத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்றது அது. 2018 மார்ச்சில் யுஜிசி அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 200 புள்ளி சுழற்சிப் பட்டியலின் இடத்தில் 13 புள்ளி சுழற்சிப் பட்டியல் வந்து உட்கார்ந்தது.

இதைப் புரிந்துகொள்ளக் கணிதப் பட்டம் வேண்டாம், வகுத்தல் தெரிந்தால் போதும். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. 100ஐ 27ஆல் வகுத்தால் 3.7. ஆகவே முழு ஓர் இடம் சேர்வது நான்காவது நியமனத்தில். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, அவர்கள் முறை ஏழாவது நியமனத்தில் வரும். பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, அவர்கள் பதினான்காவது வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறிய கணிதத் துறையை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் 1, இணைப் பேராசிரியர் 2, உதவிப் பேராசிரியர் 4. ஒவ்வொரு பதவி நிலைக்கும் கணக்கு தனி. முதல் இரண்டு நிலைகளில் நான்காவது இடமே கிடையாது. உதவிப் பேராசிரியர்களில் நான்காமவர் பிற்படுத்தப்பட்டவர். அத்தோடு முடிந்தது. தலித்துக்கும் பழங்குடிக்கும் பூச்சியம்.

இதே அளவில் 30 துறைகள் கொண்ட ஒரு பல்கலைக்கழகத்தைக் கற்பனை செய்யுங்கள். மொத்தம் 210 பணியிடங்கள். துறைவாரியாகக் கணக்கிட்டால் ஒதுக்கீட்டு இடங்கள் வெறும் 30. பல்கலைக்கழகத்தை ஒரே அலகாகக் கொண்டால் பிற்படுத்தப்பட்டோருக்கு 56, தலித்துகளுக்கு 31, பழங்குடியினருக்கு 15 என்று ஏறத்தாழ 102. அரசமைப்புச் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், எண்ணும் முறையை மட்டும் மாற்றி 72 இடங்களைக் காணாமல் போகச் செய்துவிடலாம்.

“ஓய்வு பெறும்போது சுழற்சி நகரும், உங்கள் முறையும் வரும்” என்பார்கள். அதையும் கணக்கிடுவோம். அந்த நான்கு உதவிப் பேராசிரியர் இடங்களில் பதினான்காவது நியமனம் நடக்க வேண்டுமானால் பத்துப் பேர் விலக வேண்டும். முதல் நால்வர், அவர்களுக்குப் பின் வந்த நால்வர், மூன்றாம் தலைமுறையில் இருவர். ஒருவர் 25 ஆண்டு பணியாற்றினால், முதல் பழங்குடி ஆசிரியர் வகுப்புக்குள் நுழைய முக்கால் நூற்றாண்டு ஆகும். இதற்குப் பெயர் முறை வருவதா?

துறைவாரிக் கணக்குக்குச் சொல்லப்பட்ட காரணம், ஒரு துறையின் ஆசிரியர் இன்னொரு துறையில் பாடம் நடத்த முடியாது என்பது. பாடம் நடத்த முடியாதுதான். ஆனால் ஒரே பதவிப் பெயர், ஒரே ஊதிய விகிதம், ஒரே பணி விதிகள், நியமிக்கும் அதிகாரமும் ஒன்றே. சம்பளம் போடும்போது ஒன்றாக இருக்கும் பல்கலைக்கழகம், இடஒதுக்கீடு என்றதும் முப்பது தீவுகளாகப் பிரிவது எப்படி?

அதிலும் கணிதத் துறை தீவாக இருக்க வாய்ப்பே இல்லை. இயற்பியல், கணினி அறிவியல், பொருளாதாரம், பொறியியல் என எல்லாத் துறை மாணவர்களும் அதன் வாசலைக் கடந்துதான் போகிறார்கள். பொறியியல் முதலாண்டில் எம்-1 தாளில் அரியர் விழுந்து, நமக்கு இது வராது என்று ஒதுங்கிய முதல் தலைமுறை மாணவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வகுப்பில் கரும்பலகை முன் நிற்பவர் யார், சந்தேகம் கேட்ட மாணவரை அவர் எப்படிப் பார்த்தார் என்பது கணிதத் துறையின் உள்விவகாரம் ஆகாது. மொத்தப் பல்கலைக்கழகத்தின் விவகாரம்.

13 புள்ளி முறையை எதிர்த்து ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். 2019 மார்ச் 5 அன்று தலித், பழங்குடி அமைப்புகள் பாரத் பந்த் நடத்தின. இரண்டு நாளில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், மத்தியக் கல்வி நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. போராடிப் பெற்ற வெற்றி அது.

ஆனால் அதே சட்டத்தின் நான்காவது பிரிவைப் படியுங்கள். சில ஆய்வு நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அந்தப் பட்டியலில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அலகாபாத்தின் ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நம் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. நாட்டின் முதன்மையான கணித ஆய்வு இடங்களில் மூன்று, மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை, சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. ஐஐடிகளையும் இதே விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2020இல் அரசு அமைத்த குழுவே பரிந்துரைத்தது. உயரம் கூடக் கூடச் சமூகநீதி குறைய வேண்டும் என்பது எந்தத் தேற்றம்?

சட்டம் பொருந்தும் இடங்களிலும் கடைசிக் கதவு தேர்வுக் குழுவின் கையில். “தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை” என்ற ஒரு வரியில் ஒதுக்கீட்டு இடம் காலியாகவே கிடக்கும். அப்படி நிரம்பாத இடங்களைப் பொதுப் பிரிவுக்கு மாற்றும் வழியைச் சொல்லும் யுஜிசி வரைவு ஒன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2024 ஜனவரியில் ஒதுக்கீட்டை நீக்க மாட்டோம் என்று அரசு விளக்கம் தர வேண்டியதாயிற்று.

ஐஐடி மெட்ராஸ் கணிதத் துறையில் இருந்துகொண்டே சமூகநீதிக்காகப் போராடிய வசந்தா கந்தசாமிக்கு 2006இல் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. துணிவுக்கான விருது அது. ஒரு கணிதப் பேராசிரியர் சட்டப்படியான உரிமையைக் கேட்பதற்குத் துணிவு விருது பெறும் அளவுக்குப் போராட வேண்டியிருக்கிறது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

தோழர்களே, நம் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சுழற்சிப் பதிவேட்டை இணையதளத்தில் வெளியிட வேண்டும். தகுதியானவர் இல்லை என்று எழுதும் தேர்வுக் குழு, விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நான்காவது பிரிவின் விலக்குப் பட்டியல் நீக்கப்பட வேண்டும். இவற்றுக்காக அரசு அசையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எத்தனை இடம், எந்த அலகு, எத்தனை ஆண்டுகளாகக் காலி என்று கேளுங்கள். பதில் வந்ததும் அந்தக் கணக்கை எல்லோரும் பார்க்கப் பொதுவில் வையுங்கள்.