யார் வெல்வார்? கணிப்பும் பந்தயமும்



“இன்னைக்கு யாரு ஜெயிப்பா?” இந்தக் கேள்வி கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் புதிதல்ல. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கும் நாளில் வாடிவாசலைச் சுற்றி நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் காளை நின்று விளையாடும், எது நேராக ஓடிவிடும், எந்த இளைஞன் திமிலைப் பிடித்து நிற்பான் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். மாட்டு வண்டிப் பந்தயமும் அப்படித்தான். தட்டான்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான்மாடு, நடுமாடு, பெரியமாடு என்று மாட்டின் வயதையும் வளர்த்தியையும் பார்த்துப் பிரிவு பிரித்து ஓட்டுவார்கள். சமமானவை சமமானவற்றோடு மோத வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. சாலையோரம் துண்டைத் தலையில் கட்டி நிற்கும் பெரியவர், மாடு நடந்து வரும் விதத்தைப் பார்த்தே அதன் முடிவைச் சொல்லிவிடுவார். பல நேரம் சரியாக இருக்கும். சில நேரம் தவறிப்போகும். தவறினால் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போய்விடுவார்.

இன்று அதே கேள்வி வேறொரு களத்தைப் பற்றியும் கேட்கப்படுகிறது. எம்.எம்.ஏ. என்று இளைஞர்கள் அழைக்கும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டிதான் அது. குத்துச்சண்டை, மல்யுத்தம், உதை, பிடி ஆகிய அனைத்தும் ஒரே கூண்டுக்குள் அனுமதிக்கப்படும் விளையாட்டு. இதில் பெரிய அமைப்பான யு.எஃப்.சி.யின் பல முக்கியப் போட்டிகள் அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடைபெறுகின்றன. அப்போது நமக்கு ஞாயிறு காலை! ஆலய மணி அடிக்கும் நேரத்தில் நம் பிள்ளைகளில் சிலர் கைப்பேசியோடு ஏன் அமர்ந்திருக்கிறார்கள் என்று வியக்கும் பெற்றோருக்கு இது ஒரு விடை. அவர்களைத் திட்டுவதற்கு முன், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைக் கணிக்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கணிப்பது எப்படி?

மோதலுக்கு முன் விவரமறிந்தவர்கள் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். இருவரில் யாருடைய கை நீளம்? இடதுகைக்காரர் யார்? நின்று அடிப்பதில் வல்லவர் யார், தரையில் தள்ளிப் பிடிப்பதில் வல்லவர் யார்? முதல் சுற்றோடு மூச்சு வாங்குபவரா, கடைசிவரை தாக்குப்பிடிப்பவரா? கடைசியாக எப்போது மோதினார்? எடையைக் குறைக்க உடம்பின் நீரை எவ்வளவு வற்றவைத்தார்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. எடைப் பிரிவுக்குள் வருவதற்காகப் போட்டிக்கு முந்தைய நாள்களில் தண்ணீரைக்கூடத் தவிர்க்கும் வீரர்கள் உண்டு. அப்படிச் சோர்ந்த உடம்பு மறுநாள் முழுமையாக மீண்டுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் கணிப்பு கணிப்புத்தான். பல பேர் கலந்துகொள்ளும் தொடர்போட்டியாக இருந்தால் இன்னும் கடினம். எட்டுப் பேர் மோதும் ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். கோப்பை பெற மூன்று முறை வெல்ல வேண்டும். ஒருவர் மிக வலியவர். ஒவ்வொரு மோதலிலும் அவர் வெல்ல 100-க்கு 70 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? பலரும் 70 என்றே நினைப்பார்கள். பெருக்கிப் பார்த்தால் 100-க்கு 34 தான்! அதாவது எல்லாரும் ‘இவர்தான்’ என்று சொல்லும் வீரர் கோப்பை இல்லாமல் வீடு திரும்பவே வாய்ப்பு அதிகம்.

யு.எஃப்.சி.யின் தொடக்கமே இதற்குச் சான்று. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எட்டுப் பேர் மோதிய முதல் போட்டி நடந்தது. அன்று எடைப் பிரிவு கிடையாது. ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில் நாட்டவர் ஒரே இரவில் மூன்று பேரைப் பணியவைத்தார். அவருடைய மூன்று மோதல்களும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இறுதியில் அவர் வென்ற நெதர்லாந்து வீரர் அவரைவிட உயரமும் எடையும் மிக்கவர். உடம்பைப் பார்த்துக் கணித்தவர்கள் அன்று தோற்றார்கள்.

நம் நாட்டவரின் அனுபவம்

இந்தியாவின் அன்ஷுல் ஜுப்லியை இளைஞர்கள் அறிவார்கள். உத்தராகண்டைச் சேர்ந்தவர். ஆசிய வீரர்களுக்காக 2022-இல் தொடங்கிய ‘ரோடு டு யு.எஃப்.சி.’ தொடர்போட்டியில் கலந்துகொண்டார். முதல் சுற்றில் எதிராளி களமிறங்க முடியாமல் போனதால், மோதாமலேயே அரையிறுதிக்குச் சென்றார். இதை எந்தக் கணிப்பாளர் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அரையிறுதியில் கொரிய வீரரை வென்று, 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜேகா சரகியை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி வாகை சூடினார்.

அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மைக் பிரீடன் என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். ஜுப்லி அதுவரை ஒருமுறைகூடத் தோற்காதவர். பிரீடனோ யு.எஃப்.சி.யில் அதற்குமுன் ஆடிய மூன்றிலும் தோற்றவர். கணிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால், மூன்றாம் சுற்றில் விழுந்த அடியில் சாய்ந்தவர் ஜுப்லி. 2025 பிப்ரவரியில் சிட்னியில் நடந்த அடுத்த மோதல் 19 விநாடிகளில் அவருக்குத் தோல்வியாக முடிந்தது.

பூஜா தோமரையும் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்திலிருந்து வந்தவர். 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த வெற்றியில் ஒரு பாடம் உண்டு. மூன்று நடுவர்களில் இருவர் பூஜாவுக்கும் ஒருவர் எதிராளிக்கும் வெற்றியைக் கொடுத்தார்கள். கண்முன்னே நடந்து முடிந்த மோதலிலேயே அனுபவமுள்ள மூவருக்குள் ஒத்த கருத்து இல்லை! அப்படியிருக்க, நடக்காத மோதலின் முடிவை நிச்சயமாகச் சொல்கிறேன் என்பவரை எப்படி நம்புவது?

அப்படியானால் கணிப்பதே தவறா? இல்லை. ஒரு வீரரின் பயிற்சியையும் பொறுமையையும் பலவீனத்தையும் கூர்ந்து கவனித்து, ‘இவர் வெல்வார்’ என்று சொல்வது ஒருவகையில் அவருடைய உழைப்புக்குத் தரும் மதிப்பு. நம் பெரியவர் மாட்டின் நடையைப் பார்த்துச் சொல்வதும் அதுதான். சிக்கல் எங்கே தொடங்குகிறது? கணிப்போடு காசு சேரும்போது!

காசு சேரும்போது நடப்பது

பந்தயச் செயலிகளின் கணக்கு எளிமையானது. சமபலமுள்ள இருவர் மோதும்போது 1,000 ரூபாய் கட்டி வென்றால் 1,900 ரூபாய் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் 100 முறை கட்டுகிறார். பாதி சரி, பாதி தவறு. கட்டியது 1,00,000 ரூபாய். திரும்பக் கிடைத்தது 95,000 ரூபாய். நடுநிலையாகக் கணித்தவருக்கே 5,000 ரூபாய் நட்டம். நட்டமில்லாமல் தப்பிக்கவே 100-க்கு 53 முறை சரியாகச் சொல்ல வேண்டும். தோற்றவர் அத்தோடு நிறுத்துவதில்லை. விட்டதைப் பிடிக்க அடுத்த மோதலில் இரட்டிப்பாகக் கட்டுகிறார். களத்தில் வீரர் மாறலாம், கோப்பை கைமாறலாம். செயலி நடத்துபவர் மட்டும் தோற்பதில்லை.

காசு சேர்ந்தால் களமும் கெடுகிறது. 2022 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாசில் நடந்த ஒரு மோதலுக்குச் சில மணி நேரத்துக்கு முன், ஒரு வீரர் முதல் சுற்றிலேயே தோற்பார் என்று திடீரெனப் பணம் குவிந்தது. மோதல் 67 விநாடிகளில் அப்படியே முடிந்தது. முழங்கால் காயத்தை மறைத்து அவர் களமிறங்கியது பின்னர் தெரியவந்தது. நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவருக்குத் தடை விதித்தது. கனடாவின் ஒன்றாரியோ மாகாணம் அடுத்த மாதமே யு.எஃப்.சி. மீதான பந்தயத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. காயம்பட்ட ஒரு மனிதரின் வலி, சிலருக்கு இலாபம் தரும் இரகசியச் செய்தியாகிவிட்டது. சிந்திக்க வேண்டிய இடம் இது.

நம் நாட்டிலும் சட்டம் விழித்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியபின் சட்டமன்றத்தில் மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அச்சட்டப்படி, நடத்துபவருக்கு மட்டுமல்ல, பணம் கட்டி ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் திறமை விளையாட்டுகள் என்று விலக்கி, சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 1 கோடி ரூபாய்வரை அபராதமும் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளும், வாட்சப் குழுவில் ‘உறுதியான கணிப்பு’ விற்பவர்களும் சட்டத்தால் மட்டும் மறைந்துவிட மாட்டார்கள். வீட்டுக்குள் ஒரு காவல் தேவைப்படுகிறது.

‘விவசாயமே சூதாட்டந்தானே?’

இதைச் சொன்னால் நம் ஊரில் ஒரு பதில் வரும். “விவசாயமே சூதாட்டந்தானே! ஏலக்காய் விலையை யார் கண்டது?” என்பார்கள். உண்மைதான். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை ஏலம் போனது. அந்த விலை நிற்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகள் வேறு பாடம் சொல்லின. திராட்சைக்கும் வாழைக்கும் இதே கதை உண்டு. ஒரே மழை, ஒரே காற்று போதும்.

ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். விவசாயி விலையைக் கணிப்பதோடு நிற்பதில்லை. நிலத்தில் இறங்கி உழைக்கிறார். விலை சரிந்தாலும் காய் யாரோ ஒருவருடைய வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. கூலிக்கு வந்தவருக்கு அன்றைய சம்பளம் கிடைக்கிறது. பந்தயத்திலோ எதுவும் விளைவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போகிறது, அவ்வளவே. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு தாய் மகளிர் குழுவில் சேர்த்த பணம், ஞாயிறு காலை 67 விநாடிகளில் கரைந்துவிடலாம். அவருக்கு அந்த வீரர்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2413-ஆம் எண்ணில் இதை நிதானமாகப் பேசுகிறது. பந்தயமும் சூதும் தம்மிலே நீதிக்கு முரணானவை என்று அது சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் வாழத் தேவையானதை அவை பறிக்கும்போது ஏற்றுக்கொள்ள முடியாதவை ஆகின்றன. அந்த மோகம் மனிதரை அடிமையாக்கும் ஆபத்தும் உண்டு என எச்சரிக்கிறது. அன்றாடக் கூலியில் நடக்கும் நம் குடும்பங்களில் ‘தேவைக்கு மிஞ்சியது’ என்று எத்தனை ரூபாய் இருக்கிறது?

நாம் என்ன செய்யலாம்?

இளைஞர்களுக்கு ஒரு சிறிய பயிற்சி. அடுத்த பத்து மோதல்களுக்கு உங்கள் கணிப்பையும் அதன் காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பத்தும் முடிந்தபின் திறந்து பாருங்கள். ‘எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் எவ்வளவு சுருங்குகிறது என்று நீங்களே காண்பீர்கள். விளையாட்டின் நுட்பமும் கூடுதலாகப் புரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் அருகில் அமர்ந்து, “யாரு இவரு? எந்த ஊரு? நீ யாரு ஜெயிப்பான்னு நெனக்கிற?” என்று கேளுங்கள். பிறகு, “இதுல காசு ஏதும் கட்டியிருக்கியாப்பா?” என்றும் கேளுங்கள். அன்பாகக் கேட்டால் உண்மை வரும். பணத்தை இழந்த பிள்ளை அதை வீட்டில் சொல்லத் துணிவதே பாதி மீட்பு. சொல்ல இடமில்லாமல் தவித்தவர்கள் தவறான முடிவுகளுக்குப் போன செய்திகளை நாம் தமிழ்நாட்டில் போதுமான அளவு படித்துவிட்டோம்.

அடுத்த மோதலில் யார் வெல்வார்? கைநீளத்தையும் எடையையும் அனுபவத்தையும் வைத்து ஒரு பெயரைச் சொல்லலாம். வலியவராகக் கருதப்படுபவர் பெரும்பாலும் வெல்வார். ஆனால் மூன்றில் ஒருமுறை போல நம் கணக்கு தவறும். மனிதர் கணக்குக்குள் முழுவதும் அடங்காதவர் என்பதால்தான் நாம் ஆவலோடு பார்க்கிறோம். அந்த ஆவலை வைத்துக்கொள்வோம். வீட்டின் அரிசியை அதன்மேல் வைக்க வேண்டாம்.

சிந்திப்போம்!