"வானாபி"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு பதில்



வீட்டில் முதல் ஆளாக காலேஜ் போற ஒரு பொண்ணு, தட்டுத் தடுமாறி இங்கிலீஷ்ல பேசி ஒரு வீடியோ போட்டா போதும். கீழே வந்து விழுது ஒரு பட்டம்: "வானாபி". கோட் போட்டு போட்டோ எடுத்துக்கிட்ட கிராமத்துப் பையனுக்கும் அதே பட்டம்தான்.

அந்தச் சொல்லோட கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'வான்ட் டு பி' என்றால் 'ஆக வேண்டும்'. வேகமாகச் சொன்னால் 'வானா பி'. அதையே ஒட்டி ஒற்றைச் சொல்லாக்கி ஆள் மேல் ஏற்றிவிட்டார்கள். இன்னொருத்தர் மாதிரி ஆகத் துடிக்கிற, ஆனால் ஆக முடியாத ஆள் என்று பொருள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் கொச்சைப் பேச்சில் புழங்கிய சொல் இது. 1985 வாக்கில் பாடகி மடோனாவைப் போலவே லேஸ் கையுறையும் சிலுவை மாலையும் போட்டுத் திரிந்த பெண் பிள்ளைகளை 'மடோனா வானாபி' என்று பத்திரிகைகள் எழுதின.

1988-ல் ஸ்பைக் லீ எடுத்த 'ஸ்கூல் டேஸ்' படத்தில் இந்தச் சொல்லுக்குப் பல் முளைத்தது. கருப்பின மாணவர்கள் படிக்கும் கல்லூரி. அங்கே வெளுத்த நிறத்தையும் நேரான முடியையும் பெருமையாக நினைக்கும் மாணவிகளுக்குப் பெயர் 'வானாபி'. வெள்ளைக்காரியாக ஆசைப்படுகிறாய் என்ற குத்தல். குத்தியவர்கள் யார்? கருத்த தோலுக்காகவும் சுருட்டை முடிக்காகவும் மட்டம் தட்டப்பட்டவர்கள். அது கீழே இருந்து மேலே எறிந்த கல்.

1996-ல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் தங்கள் முதல் பாட்டுக்கே இந்தப் பெயரை வைக்க, சொல் உலகம் சுற்றியது. நம்ம ஊர் கமெண்ட் பாக்ஸுக்கு வந்தபோது கல்லின் திசை மாறிவிட்டது. ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருக்கிறவன், ஏணியில் இப்போதான் கால் வைக்கிறவளைப் பார்த்து எறிகிறான்.

சொல்தான் புதுசு. இந்தப் புத்தி நமக்குப் பழசு. தோள்சீலைப் போராட்டத்தை நினைச்சுப் பாருங்க. பல பத்தாண்டு போராட்டத்துக்குப் பிறகு, 1859-ல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது! துணியைக் கொடுத்தான், 'மாதிரி'யைக் கொடுக்க மனசில்லை. அன்றைக்கு அரசாணையில் இருந்தது, இன்றைக்கு கமெண்ட்டில் இருக்கு.

"புலியைப் பார்த்து பூனை சூடு போட்டுக்கிச்சு"ன்னு பழமொழி பேசுவாங்க. புலியும் பூனையும் பிறப்பிலேயே வேற. மனுசனும் மனுசனும் அப்படியா? இங்கிலீஷும் கோட்டும் எவன் உடம்பிலும் வரியாகப் பிறக்கலையே! பேசப் பேச வருவது மொழி. பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான் படிப்பு, தொழில், எல்லாமே.

அதனால நம்ம ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள். எதிர் முகாமில் இருக்கிற தம்பியையோ தங்கச்சியையோ இந்தச் சொல்லால் அடிக்காதீங்க. அவங்க அரசியலை அடிங்க, பொய்யைப் பிடிச்சுக் கேள்வி கேளுங்க. உடையையும் உச்சரிப்பையும் தொடாதீங்க. அந்த அடி கடைசியில் நம்ம வீட்டுப் பிள்ளைங்க மேலதான் விழும்.

ஆகணும்னு ஆசைப்படுறது குத்தமில்ல. ஆகவிடாம சிரிக்கிறதுதான் குத்தம்.

ஆமா, ஆகத்தான் ஆசைப்படுறோம். ஆவோம்!