பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க

பைக் ஓட்டிட்டு இருக்கும்போது சைலன்சர்ல "டப்"புன்னு ஒரு வெடி. ரோட்ல போறவங்க திரும்பிப் பார்க்கறாங்க. மேட்டுல இழுவையும் இல்ல. நீங்க என்ன செய்வீங்க? ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல கேட்பீங்க. "பிளக்கை மாத்து மச்சி" என்பான் ஒருத்தன். "கார்புரேட்டர் கிளீன் பண்ணு" என்பான் இன்னொருத்தன். "எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்யற வேலை ப்ரோ" என்று மூணாவது ஆள் கேஸையே முடிச்சிடுவான். மூணு பேருமே மெக்கானிக்கல் ஃபைனல் இயர். மூணு பேருமே பைக்கைப் பார்க்கலை.

போன செமஸ்டர் லீவுல அந்த மூணு பேர் வேலையையும் நான் ஒருத்தனே பார்த்தேன்.

அப்பாவோட பைக் பழைய 150 சிசி, கார்புரேட்டர் வண்டி. தினமும் காலைல ரெண்டு பால் கேன் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போவார். ஒருநாள், "மேட்டுல திணறுது கண்ணு. பாதி முறுக்குனா இழுக்க மாட்டேங்குது, முழுசா முறுக்குனா பரவால்ல. இறக்கத்துல விட்டா டப்பு டப்புன்னு வெடிக்குது" என்றார். நான் அதைக் காதிலேயே வாங்கலை. யூட்யூப்ல ரெண்டு வீடியோ பார்த்துட்டு வேலையை ஆரம்பிச்சேன். பிளக் 120 ரூபாய், ஏர் பில்டர் 280. அன்னிக்கே ஏர் ஸ்க்ரூவையும் திருகி வச்சேன். கொஞ்சம் பரவால்ல மாதிரி இருந்தது. ஆனா எதனால பரவால்ல? மூணையும் ஒரே நாள்ல மாத்தினவனுக்கு அது எப்படித் தெரியும்?

ரெண்டு நாள்ல மறுபடியும் வெடி. கார்புரேட்டர் கிளீனிங் 500, இக்னிஷன் காயில் 950. மொத்தம் 1,850 ரூபாய் போச்சு. அடுத்த வாரம் மேட்டுல வண்டி நின்னு, அப்பா போறதுக்குள்ள சொசைட்டி வண்டி கிளம்பிடுச்சு. அன்னிக்குப் பால் எங்க வீட்டுலேயே தங்கிடுச்சு. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்தது.

கடைசியா எங்க ஊர் மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியைத் தள்ளிட்டுப் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்ல. அப்பாவைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, முறுக்கறப்ப வெடிக்குதுங்களா, விடறப்பங்களா?" என்று கேட்டார். அப்பா என்கிட்ட சொன்ன அதே ரெண்டு வரியை அவர்கிட்டயும் சொன்னார். அண்ணன் சோக்கைப் பாதி இழுத்துட்டு ஒரு ரவுண்டு ஓட்டினார். இழுவை வந்தது. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் மேல கொஞ்சம் கிரீஸ் தடவினார். ஏறி இறங்கிட்டு இருந்த ஐடிலிங் சீராச்சு. ரப்பர்ல விரிசல். புது ரப்பர் 180, கூலி 150.

இதுல எனக்குத் தெரியாத தியரி எதுவுமே இல்ல. ஆக்சிலேட்டரை விடும்போது மேனிஃபோல்டுல வேக்குவம் அதிகம். விரிசல் வழியா கூடுதல் காத்து உள்ள வரும். கலவை லீன் ஆகி, சரியா எரியாம சைலன்சருக்குப் போய் அங்க சூட்டுல வெடிக்கும். முழுசா முறுக்கினா வேக்குவம் குறையும், லீக்கும் குறையும், அதனாலதான் "பரவால்ல". சோக் போட்டா கலவை ரிச் ஆகும், அதனாலதான் இழுத்தது. 14.7-க்கு 1 என்று பரீட்சையில எழுதி மார்க் வாங்கின ஆள் நான். அப்பா சொன்னது முழுக்க டேட்டா. நான் அதைப் புலம்பல்னு நினைச்சேன்.

அதனால சொல்றேன், காசு குடுக்கறதுக்கு முன்னாடி காசில்லாத டெஸ்ட்டுகளை முடிங்க. இன்ஜின் ஸ்பீடு ஏறுது, வண்டி ஸ்பீடு ஏறலையா? அது கிளட்ச் ஸ்லிப், இன்ஜினைத் திட்டாதீங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரல்ல பின் வீலைக் கையால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடினப்புறம்தான் திணறுதுன்னா டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு ஓட்டிப் பாருங்க. சரியாச்சுன்னா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு. அப்புறம் சோக் டெஸ்ட். அப்புறம் பிளக்கோட நிறம்: வெளுத்திருந்தா லீன், கரி படிஞ்சிருந்தா ரிச், இளம் பழுப்புன்னா சரி. சைலன்சர் பைப் ஹெட்டோட சேர்ற இடத்துல கரிக்கறை இருந்தா கேஸ்கெட் லீக், அதுவும் வெடிக்க வைக்கும். சூடானதும் இழுவை போகுதுன்னா டேப்பட் ரொம்ப டைட்டான்னு பார்க்கச் சொல்லுங்க. எதை மாத்தினாலும் ஒண்ணே ஒண்ணு மாத்தி, ஓட்டிப் பார்த்துட்டு, அடுத்ததைத் தொடுங்க.

இந்த "ஒண்ணே ஒண்ணு" நமக்குப் புதுசு இல்ல. ஐ.சி. இன்ஜின் லேப்ல மோர்ஸ் டெஸ்ட் செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? நாலு சிலிண்டர்ல ஒண்ணை மட்டும் கட் பண்ணி, ஸ்பீடைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, பவர் எவ்வளவு குறையுதுன்னு பார்த்தோம். மெக்கானிக் அண்ணன் செஞ்சதும் அதே யோசனைதான். நாம ரீடிங்கை சீனியர் ரெக்கார்டுல இருந்து காப்பி அடிச்சதால யோசனை மட்டும் நம்மகிட்ட வந்து சேரலை.

"இதெல்லாம் பழைய வண்டி கதை, 2020 ஏப்ரலுக்கு அப்புறம் எல்லாம் பி.எஸ். 6, ஸ்கேனர் சொல்லிடும்"னு நீங்க சொல்லலாம். ஸ்கேனர் கலவை லீன்னு சொல்லும். எதனால லீன்னு சொல்லாது. பம்ப்பா, இன்ஜெக்டரா, இல்ல இதே மாதிரி ஒரு ரப்பர் விரிசலான்னு யாராவது ஒருத்தர் தேடித்தான் ஆகணும். எத்தனாலும் அப்படித்தான். ஜெட் அளவு மாறாத கார்புரேட்டர்ல அது கலவையை லீன் பக்கம் தள்ளும், உண்மை. ஆனா அதையும் செக் பண்ணிட்டுத்தான் சொல்லணும்.

டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். நாலு வருஷத்துல நாங்க தொட்ட எல்லா இன்ஜினும் நல்லா ஓடுற இன்ஜின். ஒரே ஒரு லேப் கிளாஸ்ல கெட்டுப்போன இன்ஜினைக் குடுங்க. லேப் அசிஸ்டன்ட் அண்ணனே ஏதாவது ஒரு ஃபால்ட்டை ஒளிச்சு வைக்கட்டும். ரெக்கார்டுல ரீடிங்குக்குப் பதிலா, எதைச் சந்தேகப்பட்டோம், எப்படி அதை நீக்கினோம்னு எழுதச் சொல்லுங்க. அதைக் காப்பி அடிக்க முடியாது.

அதுவரைக்கும், அடுத்த தடவை வீட்டுல யாராவது "வண்டி சரியில்ல கண்ணு"ன்னு சொன்னா, போனை எடுக்காதீங்க. "எப்பப்பா வெடிக்குது?"ன்னு கேளுங்க.