தூங்காத ராஜா

இங்கே நம் பிள்ளைகள் பொங்கல் விழா மேடையில் ஏறினால், போர் என்றதும் புறநானூற்றுத் தாய் வந்துவிடுவாள். முந்தின நாள் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள், ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புவாள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். நானும் தட்டியிருக்கிறேன். ஒக்கூர் மாசாத்தியாரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் மனசில் என்ன ஓடியது?

காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் தேடப் போனால் காலேஜ் ஸ்கொயருக்குள்ளும் ஒரு எட்டுப் போய்வருவேன். முதல் உலகப் போரில் இறந்த 49ஆவது பெங்காலி ரெஜிமெண்ட்காரர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. கல்லில் பெயரைத்தான் வெட்ட முடியும். அவர்கள் தூங்காமல் கிடந்த ராத்திரிகளைச் சொல்லக் கவிதைதான் வேண்டும்.

அதே போரில் மனம் கலங்கி, 1917ல் ஸ்காட்லாந்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரட் ஓவன். மறுபடி போர்முனைக்குப் போய் 1918 நவம்பர் 4 அன்று இறந்தார். வயது 25. இன்னும் ஒரே வாரத்தில் போர் முடிந்துவிட்டது. 1920ல் அவர் அம்மா தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார்: கடைசியாக விடைபெறும்போது மகன் சொன்னது உங்கள் வரிகளைத்தான், அவன் பாக்கெட் நோட்டிலும் அவை இருந்தன என்று. நம் புறநானூற்றுத் தாய்க்குப் பக்கத்தில் இந்த அம்மாவையும் வைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு வீரம் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடி. எழுதிய நப்பூதனார் ஒரு பொன்வணிகரின் மகன். (கணக்குப் பார்க்கும் வீட்டிலிருந்தும் கவிதை வரும்!) பாசறையில் ராஜா படுத்திருக்கிறான். சண்டை ஆசையும் விடவில்லை, தூக்கமும் வரவில்லை. வெட்டுப்பட்ட யானைகள், சோற்றுக்கடன் தீர்த்துச் செத்த ஆட்கள், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் காதைச் சாய்த்து நிற்கும் குதிரைகள் எல்லாம் நினைப்பில் வருகின்றன. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கிக்கொள்கிறான்.

நக்கீரரின் நெடுநல்வாடையில் ராஜா படுக்கவேயில்லை. நடுராத்திரி, தூறல், வாடைக்காற்றில் ஆடும் விளக்கு. நழுவும் மேலாடையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, புண்பட்ட வீரர்களைப் பார்க்கச் சேற்றில் நடக்கிறான். யார் யாருக்கு என்ன காயம் என்று ஒருவன் வேலால் காட்டிக்கொண்டே முன்னால் போகிறான்.

வரும் பொங்கலுக்கு என் பெண்ணுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். கைதட்டல் குறையலாம். குறையட்டுமே.