ஒரு பலாக்கொட்டைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

இலண்டனில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வீட்டுக் கொல்லையில் ஹேசல் கொட்டையிலிருந்து மரம் வளர்க்கிறாராம். வறுக்காத கொட்டையை ஈரமணலில் பொதிந்து, மூன்று நான்கு மாதங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அந்த விதை கண் விழிக்கும். காய்ப்பதற்கு மேலும் பல ஆண்டுகள். மகரந்தம் தர அருகே வேறொரு மரமும் வேண்டும். "நமது பதுளையில் இது வளருமா?" என்று கேட்டிருந்தார்.

காய்க்காது. பதுளையின் குளிர் அதற்குப் போதாது. ஆனால் அவருடைய கேள்வி, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் கண்ட பலாக்கன்றை நினைவூட்டியது.

லயத்து வாசலில், பழைய பால்மாத் தகரத்துள் அது நின்றது. வேர் தகரத்தின் அடியைத் துளைத்திருந்தது. நிலத்தில் நடலாமே என்றேன். அந்த மூதாட்டி சிரித்தார். "நடுறதுக்கு எடம் வேணுமே ஐயா. போன தடவ வெச்சதைத் தோட்டத்துல புடுங்கிப் போட்டுட்டாங்க."

பலாக்கொட்டை காத்திருக்கும் விதையன்று. காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு கழுவி ஊன்ற வேண்டும். ஆனால் ஊன்றியவர்தான் காத்திருக்க வேண்டும், காய்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள், சிலவேளை அதற்கும் மேல். நாளை இந்த மண் நம்முடையதாக இருக்குமா என்று அறியாதவர் எந்த நம்பிக்கையில் ஊன்றுவார்?

விதையிலிருந்து பயிர் எழுப்பும் வித்தையை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. கோப்பிக் காலத்தில் நாற்றுமேடைகளில் உழைத்தவர்கள் அவர்களே. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலை விதைகளை நீரிலிட்டு, மிதந்தவற்றைக் கழித்து, அமிழ்ந்தவற்றை ஊன்றியவர்களும் அவர்களே. ஆணிவேர் ஆழச் சென்ற அந்த விதைத் தேயிலை இன்றும் ஊவாச் சரிவுகளில் கொழுந்து தருகிறது. ஊன்றிய கைகளுக்கு மட்டும் ஒரு சாண் நிலமும் உரித்தாகவில்லை.

இந்நாட்டில் பலாவுக்குப் பெருமையுண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ், பலாக்கன்று நடும் இயக்கம் நடத்தியமையால் 'கொஸ் மாமா' என்றே அழைக்கப்பட்டார். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பலாவை வெட்ட இயலாது. மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதை நட விரும்பும் தோட்டத் தொழிலாளிக்கு உறுதிப்பத்திரம் இல்லை.

லயங்களுக்கு மாற்றாக 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் 2015இன் பின் வந்தது. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக 1,350 மிஞ்சும். பலாவுக்கு முப்பதுக்கு முப்பது, அதாவது 900 சதுர அடி போதும். இவ்வளவு சிறிய துண்டால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவே என் பதில். வீட்டோடு ஒரு மரம் நிற்க அதில் இடமுண்டு. ஆனால் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. வீடு கிடைத்தவர்களில் பலருக்கும் உறுதி எளிதில் கைக்கு வரவில்லை.

எந்தச் சரிவிலாவது ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லவும் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மக்களோடு மூடியதை நாம் மறக்கவில்லை. பாதுகாப்பான நிலம், அதற்குக் குடும்பத்தின் பெயரில் உறுதி. இரண்டும் ஒன்றாகவே வரவேண்டும்.

நண்பருக்கு இப்படிப் பதில் எழுதினேன்: "உங்கள் ஹேசலுக்கு வேண்டியது ஒரு குளிர்காலம். எங்கள் பலாவுக்கு வேண்டியது ஓர் உறுதிப்பத்திரம். உங்கள் குளிர்காலம் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகிறது."