மீனாம்பாளை ஒரு பட்டத்துக்குள் அடைக்காதீர்கள்

வாரிசு அரசியல் என்று பேச்சு வந்தால் சிந்தாதிரிப்பேட்டை டீக்கடைகளில் யாரும் சும்மா இருப்பதில்லை. நேரு குடும்பம், கருணாநிதி குடும்பம் என்று ஆளுக்கொரு பட்டியல் ஓடும். அந்தப் பட்டியல்களில் ஒரு சென்னைக் குடும்பத்தின் பெயர் வந்து நான் கேட்டதே இல்லை. இரங்கூன் வணிகர் பி.எம். மதுரைப் பிள்ளை, அவருடைய மருமகன் வி.ஜி. வாசுதேவப் பிள்ளை, வாசுதேவப் பிள்ளையின் மகள் மீனாம்பாள், மீனாம்பாளின் துணைவர் என். சிவராஜ். மூன்று தலைமுறைப் பொதுவாழ்க்கை. இவர்கள் ஆண்ட குடும்பம் இல்லை, அதனால் வசைப்பட்டியலில்கூட இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பேட்டையை 1734இல் கம்பெனிக்காரர்கள் நெசவாளர் குடியிருப்பாக உண்டாக்கியபோது நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், கோயிலுக்குப் பார்ப்பனர், ஆடல் மகளிர் என்று யார் யார் குடியிருக்கலாம் என்பதையே எழுதிவைத்தார்கள். தொழிலும் சாதியும் பார்த்துத் தெரு பிரித்த பட்டணம் இது. இங்கே ஓர் ஆதிதிராவிடக் குடும்பம் தலையெடுக்க இரங்கூன் வரை கப்பலேற வேண்டியிருந்தது. மீனாம்பாள் பிறந்ததும் அங்கேதான், 1904இல். கடலுக்கு அப்பால் பணத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

மீனாம்பாளைப் பற்றி நம் தோழர்களிடம் கேட்டால் ஒரே பதில் வரும்: "பெரியாருக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்தவர்." 1938 நவம்பர் 13, ஒற்றைவாடை அரங்கில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு. உண்மைதான். நீலாம்பிகை அம்மையாரும் தருமாம்பாளும் அவரும் கூடியிருந்த அந்த மாநாடு பெரியது. ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1928இல், காங்கிரஸ் கறுப்புக்கொடி காட்டிய சைமன் குழுவை ஆதரித்து மேடையேறியவர் அவர். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. பள்ளிப் பாடத்தில் சைமன் என்றால் "திரும்பிப் போ" மட்டும்தான். எங்கள் குறையை நாங்களே சொல்கிறோம், எங்களுக்காக நீ பேசவேண்டாம் என்று காங்கிரசைப் பார்த்துச் சொன்ன குரல் அதில் கிடையாது.

1944 செப்டம்பரில் சென்னையில் அம்பேத்கர் வந்திருந்தபோது நடந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கும், 1945 மே மாதம் பம்பாயில் கூடிய அனைத்திந்தியப் பெண்கள் மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். அவரைப் பட்டம் கொடுத்தவராக மட்டும் நினைவில் வைப்பது, ஓர் ஆணின் வரலாற்றில் அவருக்கு ஒரு வரி ஒதுக்குவது. இதைச் செய்வது எதிரிகள் அல்ல, நாம்தான்.

சிவராஜுக்கு ஒதுக்கிய வரி அதைவிடச் சின்னது. சட்டக் கல்லூரி ஆசிரியர், நீதிக்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர், 1945இல் சென்னை மேயர். 1942 ஜூலையில் நாகபுரியில் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் தலைவர் அவர். 1957இல் குடியரசுக் கட்சி உருவானபோது அதற்கும் முதல் தலைவர் அவரே. அம்பேத்கர் இல்லாத வெற்றிடத்தில் ஓர் அகில இந்தியக் கட்சியின் தலைமை ஒரு சென்னைக்காரரிடம் வந்தது! அதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

ராவ்பகதூர் குடும்பம், வசதியானவர்கள், சேரியின் வலி அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்வி உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். வசதி இருந்தது. ஆனால் மடமும் கோயிலும் நிலமும் சாதிச்சங்கமும் வேறு சாதிகளுக்குச் செய்துகொடுத்ததை இங்கே ஒரு வீடு தனியாகச் செய்யவேண்டியிருந்தது. மற்ற குடும்பங்களில் வாரிசுக்குக் கட்சி கிடைத்தது, தொகுதி கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது வேலை.

தென்னாப்பிரிக்காவின் சிசுலு குடும்பத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வால்டரும் ஆல்பர்டினாவும் மணந்தது 1944இல். 1964இல் வால்டர் ஆயுள் தண்டனை பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 29இல் சிவராஜ் தில்லியில் மறைந்தார். கணவர் சிறையிலிருந்த கால் நூற்றாண்டில் செவிலியரான ஆல்பர்டினா தானே ஒரு தலைவரானார். அவர்களின் மகன் மேக்ஸ் நாடாளுமன்ற சபாநாயகரானார், மகள் லிண்டிவே அமைச்சரானார். இருவரின் வாழ்க்கையையும் ஒரே புத்தகமாக மருமகள் எலினோர் எழுதினார். அங்கே இயக்கம் ஆட்சிக்கு வந்தது, குடும்பமும் வந்தது, அதற்குரிய விமர்சனமும் வந்தது. இங்கே குடியரசுக் கட்சி பிளவுகளில் சிதறியது. சிவராஜுக்குப் பின் 28 ஆண்டுகள் மீனாம்பாள் இருந்தார், 1992 வரை. அவரைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள அத்தனை காலம் இருந்தது.

அவர் தலைமையேற்ற மாநாடுகளின் அழைப்பிதழ், தீர்மானம், துண்டறிக்கை, புகைப்படம் எதுவாயினும் சரி, புளியந்தோப்பிலும் சூளையிலும் வடசென்னையின் பழைய வீடுகளிலும் பரணில் கிடக்கலாம். செல்லரித்துப் போகுமுன் படியெடுத்து வையுங்கள். கூட்டமைப்பில் இருந்த தாத்தா, பாட்டி உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அவர்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள், தேதி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.